காட்டன் துரையின் தாழ்வான சுவர்கள்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு அங்கே போய் நின்றால், கொள்ளிடம்தான் மூத்தது, காவிரி அதிலிருந்து ஒதுங்கிப் போகிற தங்கை என்று தோன்றும். வடக்கே போகிற கொள்ளிடம் அகலமானது, நேரானது, சரிவும் கூடுதல். தெற்கே போகிற காவிரி ஒடுங்கி, வளைந்து, தஞ்சாவூர்ப் பக்கம் மெல்லத் திரும்புகிறது. தண்ணீருக்குப் பாசமெல்லாம் கிடையாது. எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் போய்விடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கொள்ளிடம் ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டே போக, காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்களுக்கு வரவேண்டிய தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போனது.

அதைத் திருப்பிய மனிதரைத் தேடித்தான் இந்தப் பயணம். ஆர்தர் காட்டன். 1803இல் பிறந்து 1899இல் இறந்தவர். 96 வயது. பொறியாளர்களில் இத்தனை நீண்ட காலம் இருந்து, கட்டியதையெல்லாம் ஊர் என்ன சொல்கிறது என்று காதால் கேட்டுவிட்டுப் போனவர்கள் குறைவு.

கூட வந்தவர் அத்தான், என் அக்காவின் வீட்டுக்காரர். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவிலேயே காலம் தள்ளி, உதவிச் செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவர். மதகைப் பார்த்தால் முதலில் சங்கிலியில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்ப்பார். எந்த ஊரில் இறங்கினாலும் அக்காவுக்கு ஒரு போன் போடுவார். “வந்து சேந்துட்டோம். மாத்திரை போட்டியா?” இவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு ஊர் தவறாது.

“மாப்ளே, இது அணை இல்லை. அதை முதல்ல மனசுல வச்சுக்கோ,” என்றார் முக்கொம்புப் பாலத்தின் மேல் நின்று. “மேட்டூர் அணை. தண்ணியைத் தேக்குது. இது அணைக்கட்டு. ஆத்துப் படுகைக்குக் கொஞ்சம் மேல ஒரு சுவர். தண்ணி வந்து அதுல முட்டி, மட்டம் ஏறி, பக்கத்து ஆத்துக்குள்ள போவும். வெள்ளம் வந்தா தலைக்கு மேல தாண்டிப் போயிடும். சுவர் சும்மா கிடக்கும்.”

அந்தச் சுவரைத்தான் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் கட்டினார். மேலணை. பிறகு அதன்மேல் தூண்களும் கதவுகளும் வந்தன. கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே ஒரு சிக்கல் முளைத்தது. இதுவரை தண்ணீர் போதவில்லை என்றிருந்த காவிரிக்கு இப்போது அளவுக்கு மீறி வந்தது, படுகை அரித்தது. அதற்காகக் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு போட வேண்டியிருந்தது. ஆற்றில் ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் அது பதில் சொல்லும். அத்தான் இதை ரசித்துச் சொன்னார். அவர் துறையில் இருந்த காலத்தில் பெரிய அதிகாரிகளின் தவறுகளை இவ்வளவு ரசித்துச் சொல்ல வாய்த்திருக்காது.

2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது, கொள்ளிடத்தின் 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தன. 182 ஆண்டு நின்ற கட்டுமானம். அன்றைக்குத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மணல் மூட்டையும் பாறையுமாகக் கொட்டி அடைக்கப் பெரும்பாடு பட்டார்கள். இப்போது சற்றுக் கீழே புதிய கதவணை வந்துவிட்டது. உடைந்ததற்கு யார் காரணம், ஆற்று மணலை அள்ளியவர்களா, பராமரிக்காதவர்களா, வயதா என்று ஒரு வழக்காடு மன்றமே நடத்தலாம். அத்தான் வாய் திறக்கவில்லை. ஓய்வூதியக்காரர்.

கல்லணையில் கூட்டம். கரிகாலன் யானைமேல் இருக்கிறான். அவன் நிழலில் வெள்ளரிப்பிஞ்சும் மாங்காய்க் கீற்றும் விற்கிறார்கள். காட்டன் இங்கே எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. படித்தார். அதுதான் அவருடைய பெருமை என்று நினைக்கிறேன். அவருக்கு முன்பே, 1804இல், கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் கல்லணையின் மேல் 27 அங்குல உயரத்துக்குக் கல் வரிசை வைத்து உயர்த்தியிருந்தார். மட்டம் உயர்ந்ததும் அணைக்குப் பின்னால் மணல் இன்னும் சேர்ந்தது. காட்டன் 1830 வாக்கில் அணையின் உடம்பிலேயே மணற்போக்கி மதகுகளைத் திறந்தார். அப்படித் திறந்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலேயருக்குத் தெரிந்தது. மணலில் பெரிய பெரிய கற்களைப் போட்டு, அது புதைய, மேலே இன்னும் போட்டு, இடையில் களிமண். பாறையைத் தொடும் அஸ்திவாரமே இல்லை.

ஐரோப்பியப் பாடத்தில் அதற்கு இடம் கிடையாது. பாறை கிடைக்கும்வரை தோண்டு என்பது அந்தப் பாடம். காவிரி மணலில் எத்தனை அடி தோண்டினாலும் மணல்தான். ஆழம் காண முடியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதைப் பெயர் தெரியாத அந்தப் பழைய ஆட்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று காட்டன் பிற்காலத்தில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆட்சி செய்ய வந்த இனத்தைச் சேர்ந்த ஒரு அதிகாரி, அந்தக் காலத்தில், இதைச் சொல்வது சாதாரணம் இல்லை. 329 மீட்டர் நீளமுள்ள அந்த வளைந்த கல்மேட்டைச் சுற்றிலும் இன்று சிமெண்டும் இரும்பும் ஏறிவிட்டன. மேலே நிற்பவருக்குக் கரிகாலனின் கல் கண்ணில் படாது. தண்ணீருக்கடியில் இருக்கிறது.

திருவையாறு தாண்டிக் கும்பகோணம் போகும் சாலையில் அத்தான் தூங்கிவிட்டார். எனக்குக் காட்டனின் குடும்பக் கதையை அசைபோட நேரம் கிடைத்தது.

பதினோரு மகன்களில் பத்தாவது ஆள். பாகம் பிரித்துக் கொடுக்க அப்பனிடம் என்ன மிஞ்சும்? சகோதரர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரிக்குத் தலைவரானார், இன்னொருவர் ராணுவத்தில் ஜெனரல், தம்பி ஃப்ரெடரிக் இவரைப் போலவே சென்னை மாகாணப் பொறியாளர். ஆர்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் பள்ளியில் படித்து, 1821இல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கும்போது வயது பதினெட்டு. தென்மாவட்ட ஏரிகளைப் பார்க்கும் பிரிவில் உதவியாளர். பாம்பன் கால்வாயை அளந்தார். பர்மாவில் சண்டைக்குப் போனார். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றிவர 1837இல் தண்டவாளம் ஓடியதே, இந்தியாவின் முதல் ரயில் பாதை, அதுவும் இவர் கைவேலைதான். பிற்காலத்தில் ரயிலே வேண்டாம், கால்வாயும் படகும் போதும் என்று மல்லுக்கு நின்றவரும் இதே மனிதர்.

உடம்பு அடிக்கடி படுத்தியது. விடுப்பில் தாஸ்மேனியா போனார். அங்கே 1841 அக்டோபரில் எலிசபெத் லியர்மான்த்தை மணந்துகொண்டார். மாப்பிள்ளைக்கு வயது 38. மறு வருஷம் டிசம்பரில் மூத்த மகள் அங்கேயே பிறந்தாள். அவளுக்கும் எலிசபெத் என்றுதான் பெயர். கைக்குழந்தையும் மனைவியுமாக இந்தியா திரும்பினார். அதன்பிறகு அவர் கட்டியதெல்லாம் குடும்பத்தோடு கூடாரம் அடித்துக் கட்டியதுதான்.

அந்தக் குழந்தைதான் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியது. கப்பற்படைத் தளபதி ஒருவரை மணந்து லேடி ஹோப் ஆகி, அப்பா இறந்த மறு வருஷம், 1900இல், புத்தகத்தை வெளியிட்டார். பஞ்சத் தடுப்பைப் பற்றிய பகுதிகளை வில்லியம் டிக்பி என்பவர் எழுதினார். இன்று காட்டனைப் பற்றி யார் எழுதினாலும் அந்த மகளின் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. கடவுள் பக்தி, வேலைப் பித்து, வீட்டின்மேல் பிரியம். ஒரு மகள் பார்த்த அப்பா அப்படித்தான் இருப்பார்.

ஆனால் ஒன்று. இதே லேடி ஹோப்தான், 1915இல், சார்லஸ் டார்வினைக் கடைசிக் காலத்தில் பார்த்ததாகவும் அவர் படுக்கையில் பைபிள் படித்துக்கொண்டிருந்ததாகவும் ஒரு கதையை அமெரிக்காவில் சொன்னவர். டார்வினின் பிள்ளைகள் அது பொய் என்று மறுத்தார்கள். கதை மட்டும் இன்றுவரை உலவுகிறது. ஆகவே அம்மையார் எழுதிய அப்பாவையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் படிக்கிறேன். பாசத்தைச் சந்தேகிக்கவில்லை, பாசம் எதையெல்லாம் விட்டுவிடும் என்பதில்தான் எனக்கு யோசனை.

அணைக்கரையில் அத்தான் விழித்துக்கொண்டார். அது அவர் வேலைபார்த்த இடம். காரை நிறுத்தச் சொல்லி, போனை எடுத்து, “அணைக்கரைக்கு வந்துட்டேன்… ஆமா, அதே இடந்தான்… டீக்கடை இருக்கு,” என்று அக்காவிடம் ஒப்பித்தார். கல்யாணமான புதிதில் இங்கேதான் குடித்தனம்.

இங்கே கொள்ளிடம் ஒரு திட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாகப் போகிறது. இரண்டு கையிலும் காட்டன் அணைக்கட்டுப் போட்டார். கீழணை என்கிறார்கள். இதுவும் 1836. மணலில் செங்கல் உறைகளைக் கிணறுபோல் இறக்கி, அதன்மேல் சுவர். கிணற்றுக்கு உறை இறக்கத் தெரிந்த நம் ஊர் ஆட்களின் கைப்பழக்கம் அது. கொள்ளிடத்தில் மிச்சம் வரும் தண்ணீர் இங்கே முட்டி, வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் என்று வாய்க்கால்களில் ஏறுகிறது. வடவாற்றில் போனது சோழர்கள் வெட்டிய வீராணம் ஏரிக்கு. வீராணத்திலிருந்து குழாயில் சென்னைக்கு. மயிலாப்பூரில் ஒருவர் காலையில் குழாயைத் திறந்து பல் விளக்கும்போது கீழணை வழியாக வந்த தண்ணீரும் அதில் கொஞ்சம் இருக்கும்.

மதகுக் காவல் பார்க்கும் லஸ்கர் ஒருவர் மதகடியில் உட்கார்ந்திருந்தார். அத்தானை அவருக்குத் தெரியவில்லை. துறைக்காரர் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காருங்க, நான் இப்ப ரிட்டையர்டு. எத்தனை ஷட்டர் தூக்கியிருக்கீங்க?”

அவர் சொன்னார். ராத்திரி முக்கொம்பிலிருந்து எவ்வளவு விட்டார்கள், இங்கே வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும், கடைமடையில் யார் சண்டைக்கு வருவார்கள் என்பதையும் சொன்னார். நான் காட்டனைப் பற்றிக் கேட்டேன்.

“தொரைங்களா? கட்டிட்டுப் போயிட்டாரு சார். நாங்கதான் ராவும் பகலும் பாத்துக்கிட்டு இருக்கோம்,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

அணைக்கரையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் பக்கம்தான். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். விமானத்தைப் பார்த்து வியந்துவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கம். நான் மதிலைப் பார்க்கப் போனேன். பார்க்க மதில் இருந்தால்தானே? இத்தனை பெரிய கோயிலுக்கு இருக்கவேண்டிய சுற்றுமதிலில் பெரும்பகுதி கிடையாது. கீழணை கட்டும்போது அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இது செவிவழிக் கதை இல்லை. 1855இலேயே அச்சில் பதிவாகியிருக்கிறது. சிற்ப வேலை செய்த கருங்கற்கள் உட்பட எடுக்கப்பட்டன. ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். தடுத்தவர்களைத் தண்டித்தார்கள். கல்லுக்குப் பதில் செங்கல்லில் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கட்டவில்லை.

டெல்டாவில் குன்று கிடையாது. அணைக்குக் கருங்கல் வேண்டும். மாட்டு வண்டி போகிற தூரத்தில் இருந்த ஒரே கல்மலை இந்தக் கோயில்தான். ஒரு பொறியாளரின் மனம் எப்படிக் கணக்குப் போட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. புரிகிறதே தவிர, அந்தக் கணக்கிலிருந்து காட்டனை விடுவிக்க மனம் வரவில்லை. அணை அவருடையது என்றால் அதில் கிடக்கும் கல்லும் அவருடைய பற்றுதான். கல்லணையைக் கட்டியவர்களை ஆசான்களாக ஏற்றவரின் அணைக்கு, அதே சோழ நாட்டுக் கல்தச்சர்களின் வேலை வெறும் ஜல்லியானது. கிறிஸ்தவப் பற்று மிகுந்த அவருக்கு இங்கே ஒரு பாழடைந்த கோயில், அங்கே வயிறு காயும் குடியானவர்கள். ஊர்க்காரர்களுக்கு அது அவர்கள் கோயில்.

“கீழணையால எத்தனை ஆயிரம் ஏக்கர் விளையுது தெரியுமா?” என்றார் அத்தான், நான் கேட்காமலே.

“அது சரி அத்தான். அந்தச் செங்கல் மதிலையாவது கட்டியிருக்கலாமே?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்து, மதில் அடித்தளத்தில் காலால் அளந்து பார்த்தார். “எஸ்டிமேட் போட்டிருப்பான். சாங்ஷன் ஆயிருக்காது,” என்றார். முப்பது வருஷ அனுபவம் பேசியது.

அடுத்து, காட்டனின் கோதாவரி அணைக்கட்டைப் பார்க்க ராஜமுந்திரிக்கு ரயில். கொவ்வூர் தாண்டியதும் கோதாவரிப் பாலம். பெட்டியில் இருந்த பெண்கள் சில்லறையை எடுத்து ஆற்றில் போட்டுக் கும்பிட்டார்கள். காவிரியைப் பார்த்த கண்ணுக்கு கோதாவரி ஆறாகவே தெரியாது. கடலின் ஒரு துண்டு.

தௌலேஸ்வரம் ராஜமுந்திரிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. காட்டன் வருவதற்கு முன் இந்த மாவட்டங்களின் கதை பஞ்சமும் புயலும்தான். 1832-33இல் குண்டூர்ப் பக்கம் பிடித்த பஞ்சம் ஊர்களைக் காலி செய்தது. 1839இல் கொரிங்கா துறைமுகத்தைப் புயலும் கடலும் விழுங்கின. கண்ணெதிரே இவ்வளவு பெரிய ஆறு ஓட, கரையில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். 1844இல் காட்டன் அறிக்கை எழுதினார். 1847இல் வேலை தொடங்கியது. 1852இல் முடிந்தது. நடுவில் உடம்பு முறிந்து, வேலையை ஆர் என்ற இளைய பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி ஆஸ்திரேலியா போய்த் தேறிவந்தார். வீணம் வீரண்ணா என்ற உள்ளூர்க்காரர் இல்லாவிட்டால் ஆட்களைத் திரட்டியிருக்க முடியாது என்று கோதாவரிக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

இங்கே கல்லுக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்திலேயே குன்று. பெயர்த்துக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டினார்கள். அது மணலில் புதையும், மேலே கொட்டினார்கள், புதையும், கொட்டினார்கள். கல்லணைப் பாடம்தான். திட்டுகளுக்கு நடுவே நான்கு துண்டுகளாக அந்த அணைக்கட்டு ஆற்றை மறித்தது. இப்போது அதன் இடத்தில் 175 கதவுகளோடு புதிய கதவணை இருக்கிறது. பெயர் ஆர்தர் காட்டன் கதவணை. அருகிலேயே அவருக்கு அருங்காட்சியகம், சிலை. வேலைக்குப் பயன்பட்ட கருவிகளும் மாதிரிகளும் படங்களும் வைத்திருக்கிறார்கள். அத்தான் ஒவ்வொரு கருவியின் முன்னும் நின்றார். நான் படங்களைப் பார்த்தேன்.

ஆந்திராவில் அவர் ‘காட்டன் தொர’. ஊர் ஊராகச் சிலை இருக்கிறது, ஹைதராபாத் டேங்க் பண்ட் சாலையில்கூட நிற்கிறார். கோதாவரியில் நீராடும்போது சங்கல்பத்தில் அவரைப் பகீரதனாகவே நினைக்கும் சுலோகம் ஒன்று அந்தணர்களிடம் வழங்குகிறது. காவிரிக் கரையில் அவருக்கு இந்த அளவு கொண்டாட்டம் இல்லை. காரணம் லேசானது. நமக்குக் கரிகாலன் முந்திக்கொண்டான். கோதாவரிக்கு அதற்கு முன் யாரும் வரவில்லை.

1861இல் சர் பட்டம். வேலை ஓய்ந்தாலும் அவர் ஓயவில்லை. கர்னூல்–கடப்பைக் கால்வாயை ஒரு கம்பெனி வெட்டியது, காட்டனின் வாக்கை நம்பி. விவசாயிகள் எதிர்பார்த்த அளவுக்குத் தண்ணீர் வாங்கவில்லை. கம்பெனி நொடித்து, கடைசியில் அரசாங்கம் அதை வாங்க நேர்ந்தது. எதிரிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆறுகளை இணைத்துப் படகு விட வேண்டும், ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொட்டுங்கள் என்று அவர் சளைக்காமல் எழுதினார். 1876–78 பெரும்பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி டெல்டாக்கள் தப்பித்து, மற்ற இடங்களுக்கும் நெல் அனுப்பின. 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் குறுக்குவிசாரணை செய்தது. 75 வயது. பலமாகக் கடிந்துகொண்டார்கள். அவர் மாறவில்லை. கால்வாயில் படகு விடுவதைப் பொறுத்தவரை அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பாசனத்தைப் பொறுத்தவரை இல்லை.

கடைசி ஆண்டுகள் லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற சிற்றூரில், மனைவியோடு. அந்த ஊரில் மகள் குடிகாரர்களைத் திருத்தக் காபிக் கடை நடத்திப் பெயர் எடுத்தாள். கிழவர் தோட்டத்தில் நிலத்தை ஆழமாகக் கொத்திக் கோதுமை விளைவித்து, மகசூலை அளந்து குறித்துக்கொண்டிருந்தார். ஆழ உழுதால் விளைச்சல் பெருகும் என்று நிரூபிப்பது எண்பதைத் தாண்டிய அவருடைய வேலை. டெல்டாவின் லட்சக்கணக்கான ஏக்கரிலிருந்து கொல்லைப்புறப் பாத்திக்கு வந்ததில் அவருக்கு ஒரு சுணக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. 1899 ஜூலை 24இல் இறந்தார்.

மாலையில் கதவணையின் மேல் காரில் அக்கரைக்குப் போனோம். ஆத்ரேயபுரம் போக வேண்டும் என்று அத்தான் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பூத்தரேக்குலு அந்த ஊரின் இனிப்பு. கவிழ்த்து வைத்து அடியில் தீ எரியும் பானையின் மேல், அரிசி மாவுக் கரைசலில் நனைத்த துணியை ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள் பெண்கள். மறுகணம் காகிதத்தைவிட மெல்லிய ஏடு உரிந்து வருகிறது. அதற்குள் நெய்யும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிவிடுகிறார்கள். அரிசி மிஞ்சிக் கிடக்கும் ஊரில்தான் இப்படியொரு பலகாரம் தோன்ற முடியும்.

அத்தான் போனில் இருந்தார். “சர்க்கரையா, வெல்லமா? … பேரனுக்குச் சர்க்கரை. சரி. உனக்கு? … உனக்கு வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு… சரி, சரி, வெல்லம் ஒரு பெட்டி.” பிறகு என்னைப் பார்த்து, “மாப்ளே, உன் வீட்டுக்கு எத்தனை?” என்றார்.